நான் அழித்த குறுஞ்செய்திகள்

அப்போது எங்கள் தெருவில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மன்னார்குடியில் கல்லூரி, இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முடித்தவர் யாருமில்லை. அம்மா கையெழுத்து மட்டும் போடுவாள். அப்பாவுக்கு அதுவும் இல்லை, கைநாட்டுதான். சாயங்காலம் பேருந்தை விட்டு இறங்கி நான் வீட்டுக்குள் நுழைவதற்குள், வயலிலிருந்து திரும்பிய பெண்கள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நீட்டுவார்கள். என்ன வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நின்றபடியே படித்துச் சொல்வேன். கேஸ் மானியம் ஏறியிருக்கிறது, ரீசார்ஜ் முடிகிறது, இது வெறும் விளம்பரம். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஐப்பசி நடவு நடந்துகொண்டிருந்த நேரத்தில் எல்லோர் போனிலும் ஒரே மாதிரிச் செய்தி வரத் தொடங்கியது. பழைய ஏடிஎம் கார்டு வருஷக் கடைசியோடு நின்றுவிடும், சிப் வைத்த புதுக் கார்டுக்கு மாற்றிக்கொள்ள வங்கிக்கு வாருங்கள் என்று. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஏமாந்திருந்தார். பேங்க் மேனேஜர் பேசுகிறேன், உங்கள் கார்டு முடங்கப் போகிறது என்று போனில் சொன்னவனிடம் கார்டு எண்ணையெல்லாம் ஒப்பித்துக் கணக்கைக் காலி செய்துகொண்டார். கல்லூரிக்கும் ஓர் அதிகாரி வந்து இதைப் பற்றிப் பேசினார். கார்டு முடங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. இது ஏமாற்று வேலை என்று சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே அந்தச் செய்தியை அழித்தேன். ஒவ்வொரு போனிலும். மறுபடி வந்தால் மறுபடி அழித்தேன். படிக்காதவர்களை எப்படியெல்லாம் வளைக்கப் பார்க்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது. என் கார்டு கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. அதில் தங்க நிறத்தில் சின்னச் சதுரம் ஒன்று முதலிலிருந்தே இருந்தது. அது எதற்கென்று நான் யோசித்ததில்லை. அம்மாவின் கார்டில் அது இல்லை என்பதைக் கவனித்ததுமில்லை.

எதிர்வீட்டு அத்தையின் புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பொங்கலுக்கு முதல் நாள் அவளுக்குக் கால் வீங்கி, அத்தை மன்னார்குடிக்கு அழைத்துப் போனார். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அத்தை ஏடிஎம்முக்கு ஓடினார். மிஷின் கார்டைத் திருப்பித் துப்பியது. இன்னொரு மிஷினும் அப்படியே. வங்கி மூடும் நேரமும் தாண்டியிருந்தது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். நல்ல வேளையாக மகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அத்தை எங்கள் வாசலுக்கு வந்தபோது காது ஓட்டையில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. பண்டிகைக்கு மிஷினுக்கும் லீவு விட்டுவிட்டார்கள் போல என்று சிரித்துக்கொண்டே கார்டை என்னிடம் கொடுத்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சதுரம் இல்லை. அந்தச் சதுரம்தான் சிப் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விடுமுறை முடிந்து மன்னார்குடிக்குப் போனேன். வங்கியின் கண்ணாடிக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தமிழில், கொட்டை எழுத்தில். வெயிலில் காகிதம் பழுப்பேறிப் போயிருந்தது. எதிர்ப்பக்கம்தான் நான் தினமும் பேருந்து ஏறும் இடம்.

அதற்குள் தெருவில் பல கார்டுகள் வேலை செய்யவில்லை என்று தெரிந்து, எல்லோரும் வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு வழியுமில்லை. அந்தச் செய்தியில் என்ன இருந்தது என்று அறிந்தவள் நான் மட்டும்தான், அதையும் அழித்துவிட்டேன். என் தப்பைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் எங்கள் தெருவிலேயே இல்லை. இதை நினைத்தபோது நிம்மதி வரவில்லை. பயமாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவுங்களுக்கே தெரியாதப்ப நீயா போயி ஏன் சொல்ற? படிச்ச புள்ளைன்னு ஒன்ன நம்பிக்கிட்டு இருக்காங்க."

அதனால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அத்தே, அந்த மெசேஜ் நெசந்தான். பேங்குலேருந்துதான் வந்துருக்கு. நாந்தான் பொய்யின்னு அழிச்சிட்டேன். ஒங்க தோடு போனது என்னாலதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வசவு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"போடி இவளே. பேங்குக்காரன் பண்ணுனதுக்கு நீ ஏன் தலைய குடுக்குற?"

"இல்லத்தே, அவுங்க மூணு மாசமா சொல்லியிருக்காங்க."

"படிச்ச ஒனக்கே பொய்யா தெரிஞ்சுதுன்னா அவன் என்ன லட்சணத்துல சொல்லியிருப்பான்? தோடு எங்க போவுது, மாமா அனுப்புனா மூட்டுக்கலாம். நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் கல்லூரிக்குப் போகாமல் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் எல்லோருக்கும் விண்ணப்பம் எழுதினேன். ஒவ்வொருவரிடமும் என் தப்பைச் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். எனக்காக வங்கியை இன்னும் உரக்கத் திட்டினார்கள். மூன்று மாதம் செய்தி அனுப்பிய அந்த முகம் தெரியாதவர்களின் பக்கம், வரிசையில் நான் மட்டும் நின்றிருந்தேன்.

புதுக் கார்டு வந்த வாரம் அத்தையின் போனில் ஒரு செய்தி வந்தது. வழக்கம்போல நீட்டினார். முன்பென்றால் ஒரு பார்வையில் சொல்லி முடித்திருப்பேன். அன்று எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். முதலிலிருந்து ஒரு முறை படித்தேன், இன்னொரு முறை படித்தேன். சரிதானா என்று கேட்க ஆளில்லை. இரண்டாவது வரியைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தை பொறுமையிழந்தார்.

"நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லுடி."

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லதுதான் அத்தே."

"ம், அது போதும்" என்று போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பால் வாங்க நடந்தார்.