ஊசி செல்லுபடியாகும் வரை

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் என் கணவர் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனார். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர் வேலை. கல்யாணத்துக்கென்றே லீவு போட்டு வந்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது.

அந்த இரண்டு மாதமும் விருந்திலேயே கழிந்தது. மாரண்டஹள்ளியில் சித்தி வீடு, பாலக்கோட்டில் மாமா வீடு, தருமபுரியில் யாரோ தூரத்து உறவு. போகிற இடமெல்லாம் ஆண்கள் வாசலில், பெண்கள் அடுப்படியில். மாதா கோயிலில் பூசைக்குப் போனாலும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் முகத்தைவிட அவருடைய சட்டைகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், துவைத்தது நான்தானே. கிளம்புகிற அன்று வீடு கொள்ளாத கூட்டம். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என் பக்கம் திரும்பி, "வரேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெட்டியும் கையுமாக அவர் வந்து நின்றார். எனக்கு விளக்குமாறு கையிலிருந்து நழுவிவிட்டது. உள்ளேயிருந்து ஓடிவந்த என் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மாதாவே! என்ன சாமி ஆச்சு? வேலை போயிருச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஏரோப்ளேன்ல ஏத்தமாட்டேன்னுட்டாங்க. காலரா ஊசி போட்டது நாள் தாண்டிப்போச்சாம்."

பையிலிருந்து ஒரு மஞ்சள் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வெளிநாடு போகிறவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான அத்தாட்சி அது. ஒரு பக்கம் அம்மைக்கு, ஒரு பக்கம் காலராவுக்கு. அம்மை ஊசி மூன்று வருஷத்துக்குச் செல்லும். காலரா ஊசி ஆறு மாதம்தான். அந்தக் காலத்தில் காலரா தேசம் தேசமாகப் பரவிக்கொண்டிருந்தது. நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் என்றால் கூடுதல் கெடுபிடி.

"வழியில ப்ளேன் நிக்கிற ஊர்லயும் இதைக் கேப்பாங்களாம். இல்லேன்னா கீழ எறக்கித் தனியா ஒரு கேம்புல வெச்சுருவாங்களாம். ஊசி போட்டு ஆறு நாள் கழிச்சுத்தான் செல்லும். அடுத்த வாரத்து ப்ளேனுக்கு டிக்கெட்டை மாத்திக் குடுத்துட்டாங்க."

"அதுவரைக்கும் மெட்ராஸ்லயே இருக்கலாமில்ல? போன காலு திரும்பலாமா?" என்றார் மாமியார்.

அவர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

மறுநாள் ஊசிக்காகத் தருமபுரிக்குக் கிளம்பினோம். சுகாதார அலுவலகத்து முத்திரை இருந்தால்தான் அந்தப் புத்தகம் செல்லுமாம். நான் கூடப் போனதற்குக் காரணம் வேறு. முந்தின நாள் மாலையில் நான் தண்ணீருக்குப் போனபோது, கிணற்றடியில் இருந்த பெண்கள் தங்கள் குடங்களை ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். "உங்க வூட்டுக்காரருக்கு வாந்திபேதியாமே? அதான் திருப்பி அனுப்பிட்டாங்களாமே?" என்றாள் ஒருத்தி. வெறுங்குடத்தோடு வந்து அழுதேன். அதைப் பார்த்த மாமியார், "இங்க ஒக்காந்து அழுவாத. நாளைக்கு அவன்கூட நீயும் போயிட்டு வா," என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் வயதானவர். என் கணவருக்கு ஊசி போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் போறியாம்மா?"

"இல்லீங்க. ஆனா எனக்கும் போடுங்க."

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கிணற்றடிப் பேச்சு அவரை மட்டும் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "இந்தப் பக்கமும் அங்கங்க வந்துக்கிட்டுத்தான் இருக்குது. எல்லாரும் போட்டுக்க வேண்டியதுதான்," என்று என் இடது கையிலும் போட்டுவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது இருவருமே இடது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

ராத்திரிக்குள் இருவருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. தோள் வீங்கிக் கையைத் தூக்க முடியவில்லை. மறுநாள் பட்டப்பகலில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் ஆளுக்கொரு பாயில் கிடந்தோம். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சியை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். "போறவன்தான் போட்டுக்கிட்டான், உனக்கு எதுக்குடி?" என்று என்னைத் திட்டியபடியே என் நெற்றியில் ஈரத்துணி போட்டார்.

அன்றுதான் நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

நான் கேட்டேன்: "கட்டிக் குடுத்த கச்சாயப் பலகாரம் அப்பிடியே பெட்டியில இருக்குது. ஏன் திங்கல?"

"எனக்குக் கச்சாயமே புடிக்காது."

"அத்தை உங்களுக்கு அதுன்னா உசுருன்னு சொன்னாங்களே!"

"சின்னப் புள்ளையில ஒரு கிறிஸ்துமஸுக்கு நெறைய தின்னுபுட்டேன். அன்னையிலிருந்து அம்மா சொல்லிக்கிட்டே இருக்குது."

"ரெண்டு மாசமா செஞ்சு போட்டேன். அத்தனையும் தின்னீங்களே?"

"நீ ஆசையா செஞ்ச. எப்பிடிச் சொல்றது?"

சிரித்தால் தோள் வலித்தது. வலித்தாலும் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுப்படியிலிருந்து மாமியார், "காச்சல்ல என்ன சிரிப்பு?" என்றார்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "மெட்ராஸ் ஏர்போர்ட் கவுண்டர்ல இருந்தவரு புத்தகத்தைப் பாத்துட்டு, நீங்க போக முடியாதுன்னாரு. பக்கத்துல ஒருத்தருக்கும் அதே கதி. அந்த ஆளு சண்டை போடறாரு, கெஞ்சறாரு. நான் சிரிச்சுட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்தாரு."

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"வூட்டுக்குப் போலாமேன்னுதான். மெட்ராஸ்ல கூட வேலை செய்யறவனோட அண்ணன் வூடு இருக்குது. தங்கியிருக்கலாம்."

நல்ல கையால் அவர் பாய்ப்பக்கம் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஆனால் எங்கள் காய்ச்சல் ஊருக்குள் வேறு விதமாகப் பரவியது. இப்போது பெண்டாட்டிக்கும் தொற்றிவிட்டதாம். பால் ஊற்றுகிறவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார். அன்று மாலை என் மாமியார், என் கணவர் தண்ணீர் குடித்துவிட்டு வைத்திருந்த சொம்பை அப்படியே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பயந்துபோய் நான் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்தேன். கிணற்றைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"இது என் மகன் வாய் வெச்ச தண்ணி. எல்லாரும் பாத்துக்கங்க," என்று சொல்லி, மிச்சத்தைக் கடகடவென்று குடித்தார். "ஊசி போட்டதுல வந்த காச்சல் இது. நாளன்னைக்கு என்னை வந்து பாருங்க. நான் கெடக்கிறனா, நிக்கிறனான்னு."

எதிர்வீட்டில் கன்னடம் பேசுகிற அக்கா ஒருவர் இருந்தார். அவர் மாமியார் கையிலிருந்த சொம்பை வாங்கி, தண்ணீர் மொண்டு, தானும் ஒரு வாய் குடித்தார். பின் என்னைப் பார்த்து, "போய்ப் படும்மா, மோரு கொண்டாறேன்," என்றார். சொன்னபடி கொண்டுவந்தார். மறுநாள் பால்காரர் உள்ளே வந்து ஊற்றினார்.

காய்ச்சல் விட்டபின் மிச்சமிருந்த நாட்கள் எப்படி ஓடின என்று தெரியவில்லை. அவருக்குத் தக்காளி ரசமும் களியும்தான் உயிர் என்று தெரிந்துகொண்டேன். தூங்கும்போது பல்லைக் கடிப்பார் என்று தெரிந்துகொண்டேன். ஒருநாள் மாமியாரே பஸ்ஸுக்குக் காசு கொடுத்து எங்களை ஒகேனக்கலுக்கு அனுப்பினார். பரிசலில் நான் பயந்து அவர் தோளைப் பிடித்தேன். ஊசி போட்ட தோள். "ஐயோ" என்று கத்தினார். பரிசல்காரர் எங்களைவிட அதிகமாகப் பயந்துவிட்டார்.

இரண்டாவது முறை கிளம்பியபோது வீட்டில் கூட்டமில்லை. "நீயே போய் ஏத்திவுட்டுட்டு வா," என்றார் மாமியார். மொரப்பூர் ஸ்டேஷனில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தோம். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்தோம்.

"அழுவாத," என்றார்.

"அழுவலீங்க," என்று அழுதேன்.

அவர் கைக்குட்டையை என் கையில் திணித்துவிட்டு ஏறினார். ரயில் வளைவு திரும்பும்வரை கதவருகிலேயே நின்றிருந்தார்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. அடுத்த மாதமே நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. மகள் பிறந்தாள். அவர் மறுபடி லீவில் வந்தபோது அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். அவரைக் கண்டதும் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் கூப்பிடவில்லை, தூக்கப் போகவுமில்லை. சும்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்சநேரத்தில் அவளே போய் அவர் முன்னால் உட்கார்ந்து, ஒரு இணுக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.