வெந்நீரக்காவின் மீன்தொட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வெந்நீரக்கா என்றுதான் பெயர். கத்தி, கத்தரியெல்லாம் கழுவி, கொதிக்க வைத்து, துணியில் சுற்றி அறுவை அறைக்கு அனுப்பும் பிரிவுக்கு அவள் தலைமை. சுத்தம் சோறு போடும் என்று எல்லோரும் சும்மா சொல்வார்கள். இவளுக்கு நிஜமாகவே போட்டது. அவளிடம் கை குலுக்கினால் ரேகை அழிந்துவிடும் என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்க் கையைக் கழுவிக்கொள்வாள்.

இந்தக் கிறுக்கு பிறவியிலேயே வந்ததல்ல. கணவன் ஒரு சின்ன அறுவைக்குப் படுத்தான். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, உடம்பெல்லாம் விஷமேறிப் போய்ச் சேர்ந்தான். யாரோ கழுவாத கையால் தொட்டுவிட்டார்கள் என்று அவள் நம்பினாள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு மிஞ்சியது ஒரே மகள். அந்தப் பெண்ணைத் தேய்த்துத் தேய்த்தே வளர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலிலேயே உடை மாற்ற வேண்டும். சிநேகிதிகள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைப் பெண் கண் முன்னாலேயே மருந்து போட்டுத் துடைப்பாள். அப்புறம் எந்தச் சிநேகிதி வருவாள்?

வந்ததெல்லாம் ஒரு தங்கமீன்தான். மகள் அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்து, உள்ளங்கை அளவுக்கு வளர்த்தாள். தொட்டியைக் கொண்டுவந்து வைத்தவன் வளர்ப்புமீன் கடைக்காரன். தொட்டியின் ஓரத்தில் ஒரு வடிகட்டிப் பெட்டி, அதற்குள் ஸ்பாஞ்சும் துளைத்துளையாகப் பீங்கான் வளையங்களும். மீன் கழிக்கிற கழிவு தண்ணீரில் அமோனியா என்ற விஷமாகும், அந்த விஷத்தைத் தின்கிற கிருமிகள் ஸ்பாஞ்சில் குடியிருக்கின்றன, அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும் என்று அவன் விளக்கினான். கிருமி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவளுக்கு அவனைப் பிடிக்காமல் போனது. பின்னால் மகள் அவனையே கட்டிக்கொண்டு போனபோது கேட்கவா வேண்டும்! மீன் நாற்றம் அடிக்கிறவன் இந்த வாசற்படி ஏறக் கூடாது என்றாள். மகளும் ஏறவில்லை. குண்டன் மட்டும் இங்கேயே தங்கியது.

அவ்வப்போது பாதித் தண்ணீரை மாற்றி, இரை போட்டு அதைக் காப்பாற்றி வந்தாள். பெட்டியைத் திறந்தால் பழுப்பு வழவழப்பு குமட்டியதால் அந்தப் பக்கமே போவதில்லை. அவளுடைய அந்த அருவருப்பில்தான் மீன் பிழைத்துக் கிடந்தது.

அப்படியிருக்கையில்தான் மகள் போன் செய்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போகப்போகிறாளாம். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறேன், அம்மாவிடம் விடலாமா என்று வந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றாள். வைக்கும்போது, குண்டன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்டாள். பேத்தியைப் போட்டோவில் மட்டுமே பார்த்தவள் இவள். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து வீட்டைக் கழுவத் தொடங்கினாள்.

கூரையிலிருந்து தரை வரை முடித்துத் தொட்டிக்கு வந்தாள். இந்தப் பழுப்பை வைத்துக்கொண்டு குழந்தையை எப்படிக் கூப்பிடுவது? ஸ்பாஞ்சையும் வளையங்களையும் பிளீச்சிங்கில் ஊறப்போட்டு, கொதிநீரில் அலசி, கிருமி வாசனையே இல்லாமல் ஆக்கினாள். தொட்டித் தண்ணீரையும் முழுக்கக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றினாள். தொட்டி பளிங்கு மாதிரி பளபளத்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

முதலில் குண்டன் இரையைத் துப்பியது. அப்புறம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. வால் ஓரத்தில் ரத்தக்கோடுகள் ஓடின. தண்ணீரில் ஒரு தூசு இல்லை, ஒரு வாடை இல்லை. இருந்தும் அதற்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பும்போது பார்ப்பாள், திரும்பியதும் செருப்போடு ஓடிப் பார்ப்பாள். செருப்போடு! அந்த வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

பழைய பெட்டிக்குச் சக்தி போதவில்லை என்று முடிவு செய்து, வேறொரு கடையில் பெரிய வடிகட்டியாக வாங்கி மாட்டினாள். மாட்டுவதற்கு முன் அதையும் வெந்நீரில் கழுவினாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். மோட்டார் பிரமாதமாக ஓடியது; குண்டன் பக்கவாட்டில் சாய்ந்தது. அவளுக்குக் கணவன் கிடந்த கட்டிலின் வெள்ளை விரிப்பு நினைவுக்கு வந்தது. அதுவும் மாசுமருவற்றுத்தான் இருந்தது.

சனிக்கிழமை மருமகன் கடைக்குப் போனாள். மகள் அங்கே இல்லை. அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“எதுல கழுவினீங்க?” என்று கேட்டான்.

“பிளீச்சிங். அப்புறம் கொதிதண்ணி.”

அவள் புது வடிகட்டி வாங்கியதைச் சொன்னபோது, “வீடு பெருசுதான் அத்தை. குடியிருக்க ஆள் வேணுமே” என்றான். அந்தக் கிருமிகள் மறுபடி ஊறிப் பெருக வாரக்கணக்கில் ஆகுமாம். மீன் அதுவரை தாங்காது. தன் தொட்டியொன்றில் ஓடிக்கொண்டிருந்த வடிகட்டியைத் திறந்து, சேறு பூசினாற்போல் இருந்த ஸ்பாஞ்சை எடுத்து, ஈரம் காயாமல் அந்தத் தண்ணீரோடே பையில் போட்டான். இதைப் புது வடிகட்டிக்குள் வைக்கவும், இரையை நிறுத்தவும், காலையும் மாலையும் பாதித் தண்ணீர் மாற்றவும் சொன்னான். பிழைக்குமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றான்.

மகளிடம் சொல்லிவிடாதே என்று கேட்கத்தான் அவள் வாய் துடித்தது. அவனே முந்திக்கொண்டான். “நான் சொல்ல மாட்டேன் அத்தை. நீங்களே சொல்லிடுங்க.”

பஸ்ஸில் பை ஒழுகி மடியெல்லாம் பழுப்பானது. துடைத்துக்கொள்ளாமல் வந்து, வெறுங்கையால் அந்த வழவழப்பை எடுத்து வடிகட்டிக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குண்டன் உயிரோடிருந்தது. தொட்டித் தரையில் கிடந்து செவுளை மட்டும் அசைத்தது. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே தொட்டியிடம் போய் நின்றாள். இவள் எதையும் மறைக்கவில்லை. கழுவியதையும் மருமகனிடம் போனதையும் சொன்னாள். மகளின் முகம் இளகியது.

“நீ அவர் கடைக்கா போனே?”

“போனேன். அந்த அழுக்க என் கையாலயே எடுத்து வெச்சேன்.”

மகள் சிரித்துவிட்டாள். உட்கார்ந்தாள். குழந்தையை இவளிடம் கொடுக்கத்தான் கையை நீட்டினாள். அந்த அசைவில் குழந்தை சப்பிக்கொண்டிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது. குழந்தை சிணுங்கியது.

வெந்நீரக்கா குனிந்து துணியை எடுத்தாள். இதோ வந்துவிட்டேன் என்று சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தில் தண்ணீர் ஏற்றி, துணியைப் போட்டாள். கொதி வரட்டும் என்று நின்றாள். பிளீச்சிங் புட்டியைத் திறந்து ஒரு மூடி ஊற்றினாள். கை பழக்கத்தில் ஊற்றியது. மனசு முன்னறையில் பேத்தியிடம் இருந்தது.

அது குழந்தையின் வாயில் வைக்கிற துணி.

திரும்பினாள். மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, குழந்தையின் தலையைக் கையால் பொத்தி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“கொட்டிடறேன்டி. நிறைய அலசித் தரேன்” என்றாள் இவள்.

“வேணாம்மா.” குரலில் கோபமே இல்லை. “உனக்குப் பாசம் இல்லேன்னு நான் என்னைக்கும் சொன்னதில்ல. உன் பாசத்தைப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கு.”

மூடி போட்ட வாளி கேட்டாள். இவளே கொண்டுவந்து கொடுத்தாள். மகள் ஒற்றைக் கையால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி, குண்டனை மெதுவாக அள்ளி அதில் விட்டாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் வாளி. கதவைத் திறக்கக் கை இல்லை. வெந்நீரக்காதான் போய்த் திறந்துவிட்டாள்.