எங்கள் ஊர்ச் சிவன்

எண்பதுகளின் கடைசியில் ஹவுன்ஸ்லோவில் சனிக்கிழமைக் காலைகளில் ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தேன். ஒருநாள் ஆசிரியை, நோர்மன்காரர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொன்னார். பிறகு, "உங்கள் நாட்டை யார் பிடித்தார்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

சோழர் இலங்கையைப் பிடித்ததை நான் எழுந்து பெருமையாகச் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த சிங்களப் பெண் கையை உயர்த்தினாள். அதுவரை நாங்கள் இருவரும் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"அவர்கள் எங்கள் அநுராதபுரத்தைக் கொள்ளையடித்தார்கள். அதையும் சொல்லுங்கள்," என்றாள்.

இலங்கையில் தமிழருக்கும் சிங்களவருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு முகம் சுட்டது. ஆசிரியை அவசரமாகப் பாடத்தை மாற்றினார்.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவளே பக்கத்தில் வந்தாள். எங்களுக்குள் அரைகுறை ஆங்கிலம்தான். தான் பொலன்னறுவைக்காரி என்றாள். சோழர் அங்கே கட்டிய சிவன் கோயில் இன்னும் நிற்கிறதாம். பிள்ளையில்லாமல் இருந்த அவளுடைய தாய் அங்கே விளக்கேற்றி நேர்ந்துகொண்ட பிறகுதான் இவள் பிறந்தாளாம்.

"அப்படியென்றால் எங்கள் சிவன் தந்த பிள்ளையா நீ?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊர்ச் சிவன்," என்று திருத்தினாள். சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை அவளைச் சாப்பிடக் கூட்டிவரப்போவதாகக் கணவரிடம் சொன்னேன். தமிழருக்கு எதிரான எண்பத்துமூன்று கொழும்புக் கலவரத்தில் கடையை எரியக் கொடுத்தவர் அவர்.

"சிங்களப் பிள்ளையோ?"

"ஓம். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவள் வந்தபோது நான் சொன்னபடியே பேசாமல் இருந்தார். அவள் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் விட்டுக்கொண்டபோது, சோற்றுச் சட்டியை அவள் பக்கம் தள்ளிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். லண்டனுக்கு வந்தபின் அவர் அந்த மொழி பேசி நான் கேட்டதேயில்லை. அவள் கண்கள் விரிந்தன. அதன்பிறகு இருவரும் நிறுத்தவில்லை.

"என்னப்பா, எனக்கும் சொல்லுங்கோவன்."

"பொலன்னறுவை எருமைத் தயிரைப் பற்றிக் கதைக்கிறம். உமக்கு விளங்காது," என்று சிரித்தார்.

ஊரில் சண்டை ஓயவில்லை. கெட்ட செய்தி வந்த வாரங்களில் மூவரும் அதிகம் பேசாமல் சாப்பிட்டோம். ஆனாலும் ஒரு சனிக்கிழமையும் அவள் வராமல் விட்டதில்லை. தொண்ணூறுகளில் அவளுக்கு மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான்தான். பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகு, மல்லி, சீரகச் சரக்கு அரைத்து வைத்த பத்தியக் கறியை, மிளகு கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே முழுவதும் சாப்பிட்டு முடித்தாள்.