பதினெட்டுப் பேர் ஏறிய ஜீப்புக்கு ஒரு சாட்சி

எங்கள் ஜீப்பு டிரைவர் ஈஸ்வரனுக்கு லைசென்ஸ் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும், சாட்சி சொல்ல நானாகத்தான் முன்னால் போய் நின்றேன். யாரும் என்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

நான் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. சிலமலையிலிருந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி, காய் எடுக்க வைத்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. காயின் பதம் பார்க்கவும், அட்டை கடித்தால் அலறாமல் இருக்கவும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் பழக்கிவிடுவேன். கோர்ட்டில் எப்படிப் பேசுவது என்று மட்டும் எனக்கு யாரும் பழக்கவில்லை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போடிமெட்டுக்கு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலேயிருந்து இறங்கிய சுற்றுலாக் கார் எங்கள் ஜீப்பில் உரசிவிட்டது. காரின் கதவு நசுங்கியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அந்தக் கார்க்காரருக்கு அது தெரியவில்லை, புகார் கொடுக்க மட்டும் தெரிந்திருந்தது. ஜீப்பு கண்மண் தெரியாமல் பறந்து வந்து இடித்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஈஸ்வரன் மேல் கேஸ் ஆகிவிட்டது. அவன் லைசென்ஸ் போனால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஜீப்பு நின்றால் எங்கள் வீடுகளிலும் எரியாது.

விசாரணை அன்று ஈஸ்வரனின் வக்கீல் கோர்ட்டு வாசல் டீக்கடையில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஜீப்பு மெதுவாத்தான் போச்சு, அம்புட்டுத்தான். கூட ஒரு வார்த்தை வேணாம்."

"எனக்கு அந்த வெவரம் கூடவா தெரியாது? நீங்க டீயைக் குடிங்க சார்" என்றேன்.

கோர்ட்டு டவாலி மூன்று தடவை என் பேரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறி, உண்மையைத்தான் சொல்லுவேன் என்று சத்தியம் பண்ணினேன். எங்கள் வக்கீல் கேட்டார். ஜீப்பு மெதுவாகத்தான் போனது என்று சொன்னேன். அதோடு இறக்கிவிட்டிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அரசு வக்கீல் எழுந்தார்.

"மெதுவாப் போச்சுன்னு எதை வச்சுச் சொல்றீங்க? ஸ்பீடோமீட்டரைப் பாத்தீங்களா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப நீங்க தூங்கிட்டுத்தானே வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு கங்காணியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

"தூங்குறதா? பின்னாடி படியில ஒத்தக் கால்ல தொங்கிக்கிட்டு வந்தவ எப்படிய்யா தூங்குவேன்?"

"ஏன் தொங்கணும்? உள்ள சீட்டு இல்லையா?"

எங்கள் வக்கீல் பலமாக இருமினார். பாவம், தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பதினெட்டுப் பேரு ஏறுனா சீட்டு எங்கய்யா இருக்கும்? அம்புட்டு லோடை வச்சுக்கிட்டு அந்த ஏத்தத்துல வண்டி எப்படிப் பறக்கும்? மொனங்கி மொனங்கித்தான் ஏறும். நடந்து போற ஆளு எங்களுக்கு முன்னாடி போய்ச் சேந்துருவாரு. நம்பலைன்னா அந்தா ஒக்காந்திருக்காகளே மூணு பேரு, அவுகளைக் கேளுங்க. மத்தவுக மடியிலதான் ஒக்காந்து வந்தாக!"

எனக்குத் துணையாக வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். எதிர்க்கூண்டில் ஈஸ்வரன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். நன்றி சொல்கிறான் என்று நினைத்தேன். போதும் என்று கும்பிட்டிருக்கிறான்.

மாஜிஸ்டிரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை பேரை ஏத்திட்டுப் போனா வழியில யாரும் நிறுத்த மாட்டாங்களா?"

"நிறுத்துவாகம்மா. அடிவாரத்துல நிறுத்தி, 'பாத்துப் போங்கத்தா'ன்னு அன்பாச் சொல்லித்தான் அனுப்புவாக."

கோர்ட்டே சிரித்தது. ஓரமாக நின்ற போலீஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

தீர்ப்பில் ஈஸ்வரனுக்கு விடுதலை கிடைத்தது. அத்தனை ஆளை ஏற்றிய வண்டி அந்த ஏற்றத்தில் பறந்து வந்தது என்பது நம்பும்படி இல்லை என்று மாஜிஸ்டிரேட் அம்மா சொன்னார். லைசென்ஸ் பிழைத்தது. அதே மூச்சில், இனிமேல் ஜீப்புகளைத் தலை எண்ணித்தான் மலைக்கு விட வேண்டும் என்று போலீசுக்கும் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது போதாதென்று கூட வந்த பெண்களையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் ஈஸ்வரன் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்தினான். "இதுக்கு மேல முடியாதுக்கா. அடிவாரத்துல கதவைத் திறந்து எண்ணுறாக." மிச்சப் பேர் தூக்குவாளியோடு ரோட்டில் நின்றோம். முதல் நாள் முந்தானையால் முகத்தை மூடிய பேச்சியம்மா இன்று முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏத்தா, ஒனக்குச் சோறு போடுறது கையா, வாயா? ஒன் வாயால எங்க கூலியில்ல போச்சு!"

நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

நல்லவேளையாகக் காய் யாருக்காகவும் காத்திருக்காது. சில நாளில் தோட்டத்து மலையாள மானேஜர் போனில் கத்தினார்: "கங்காணி, ஆளு எவிடே? காயெல்லாம் பழுத்து உதிருது!" விஷயத்தைச் சொன்னேன். எங்களையும் முதலாளியையும் மாறி மாறித் திட்டிவிட்டு, இன்னும் ரெண்டு ஜீப்பு ஏற்பாடு பண்ணினார்.

அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் சீட்டில் உட்கார்ந்து மலையேறினோம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்தேன். ரெண்டு காலும் தரையில் இருந்தது. பேச்சியம்மா காலை நீட்டிக்கொண்டு, "நீ பேசுனதும் நல்லதுக்குத்தான்த்தா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் முதல் வளைவு வரைக்கும்தான். லோடு குறைந்ததும் ஜீப்பு சிட்டாகப் பறந்தது. வளைவுக்கு வளைவு நாங்கள் ஒருத்தி மேல் ஒருத்தி போய் விழுந்தோம்.

"அப்பு, ஈஸ்வரா! மெதுவாப் போப்பா!"

"நான் என்னக்கா செய்ய? லோடு இருந்தாத்தான் மெதுவாப் போகும்னு நீங்கதானக்கா கோர்ட்டுல சொன்னீங்க!"

அதனால் பிள்ளைகளே, கூண்டில் ஏறினால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அடுத்த தடவை என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், நான் ஒன்றுமே பார்க்கவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அது சத்தியமாக உண்மை. இப்போதெல்லாம் அடிவாரம் தாண்டியதும் கண்ணை இறுக மூடிவிடுகிறேன், தோட்டம் வந்த பிறகுதான் திறக்கிறேன்.