பண நாத்தம்

"ஊருல நாத்தமே இல்ல. எப்படிப் பொழைக்கிறது?"

தினமும் காலையில கதவத் தொறந்து, மூக்க நீட்டி, ஸ்டெய்னுன் கெழவி இதத்தான் சொல்லுவா. தப்பில்ல. ஐஸ்லாந்துக் கடலோரத்துல மீன் ஆலை நாறினா அதுக்குப் பேரே பண வாசம். ஊரு நாறுதுன்னா எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியுதுன்னு அர்த்தம்.

அவ சின்னப் பொண்ணா இருந்தப்போ ஹெர்ரிங் மீனு. பொம்பளைங்கதான் ராப்பகலா உப்புப் போட்டுப் பீப்பாயில அடுக்குனாங்க. திடீர்னு ஒரு வருசம் மீன் வரல. மொத்தமா வழிச்சு அள்ளினா எப்படி வரும்? அப்புறம் காட் மீனு. யாரு எவ்வளவு பிடிக்கலாம்னு அரசாங்கம் பங்கு பிரிச்சுச்சு. படகு வச்சிருந்தவனுக்குப் பங்கு, மீன் அறுத்தவளுக்குப் பட்டை நாமம். படகுக்காரன் பங்க வித்துட்டுத் தலைநகரத்துக்குப் போயிட்டான். ஆலைக்குப் பூட்டு. பொறவு நாடே பேங்குக்காரனாச்சு. கோட்டு மாட்டுன பயலுக கடன் வாங்குன பணத்தையே சரக்கா வித்தானுக. ரெண்டாயிரத்து எட்டுல எல்லாம் கவுந்துச்சு.

அந்தக் கோட்டுப் பயலுகள்ல ஒருத்தன் அவ தம்பி மகன் ஹ்யால்டி. இப்போ அதே ஆலைய ஹோட்டலாக்கிட்டான். வெளிநாட்டுக்காரங்க குளிருல வந்து, ராத்திரி வானத்துல தானா ஆடுற பச்ச வெளிச்சத்தப் பாத்துப் பெருமூச்சு விட்டுட்டுப் போறாங்க.

ஹோட்டலுக்குப் பின்னாடி மேட்டுல, மரச்சட்டத்துல, ஸ்டெய்னுன் காட் மீன் தலைங்களக் கட்டிக் காயப்போடுறா. காஞ்சது கொழம்புல போட நைஜீரியாவுக்குக் கப்பலேறும். அதுலதான் அவ பொழப்பு ஓடுது; ஊருல மிச்சமிருக்கிற ஒரே நாத்தமும் அதுதான்.

"அத்தே, அந்தச் சட்டத்தப் பிரிச்சிடு. விருந்தாளிங்க மூக்கப் பொத்துறாங்க."

"உங்கம்மா இதே நாத்தக் கையாலதாண்டா உனக்கு ஊட்டுனா. அப்போ மூக்கு இல்லியா உனக்கு?"

"நெலம் ஊர்ச்சபையோடது. நான் மனு குடுத்துட்டேன் அத்தே."

சபை கூடுச்சு. எல்லாரும் காப்பிய உறிஞ்சிக்கிட்டு ஹ்யால்டிக்குத் தலையாட்டுனாங்க. ஸ்டெய்னுன் எந்திரிச்சா.

"நெசமான சரக்கு நாறும். இவன் பேங்குல வித்தது நாறுச்சா? அப்பவே எனக்குச் சந்தேகம். இப்போ வானத்த விக்கிறான். மேகம் மூடிட்டா எதத் தின்பீங்க?"

சிரிப்பு அடங்கல. முதுகெலும்பு இல்லாத சபை, யாரையும் பகைச்சுக்காம முடிவு சொல்லுச்சு: குளிர்காலம் முடியட்டும், வர்ற விருந்தாளிங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம். ஊர்க்காரி பொழப்ப வழிப்போக்கன் மூக்கு தீர்மானிக்கணுமாம், தூ!

அதனால அந்தப் பக்கம் போனா அவளப் போய்ப் பாருங்க. வழி கேக்க வேண்டாம், மூக்கே கூட்டிட்டுப் போவும். திரும்பறப்போ ஹோட்டல் வாசல்ல நின்னு, அந்தப் பய காதுல விழற மாதிரி, "மீன் தலை என்னமா மணக்குது!"ன்னு ஒரு வார்த்த சத்தமாச் சொல்லிட்டு வாங்க.