மண்மூட்டைக்கு முப்பது நாள்

லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் போட்டவர்கள், கருவிப் பையோடு ஒரு பெண் வந்து நின்றதும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், மெக்கானிக் எங்கே என்று. பத்தொன்பது வருடமாக இந்தக் கூத்துதான். "நான்தாங்க. பின்னாடி யாரும் வரல" என்று சொல்லிவிட்டு நேராக வேலையில் இறங்கிவிடுவாள். கழற்றிய போல்ட்டை எண்ணி வைப்பாள், மாட்டிய பிறகு இன்னொரு தடவை எண்ணுவாள். அதனால் கம்பெனியில் அவளுக்கு போல்ட்டக்கா என்று பெயர்.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் மேலே மெஷின் அறையில் ஓர் அட்டை தொங்கும். பிரேக் பார்த்தேன், கதவு பார்த்தேன், எண்ணெய் விட்டேன் என்று ஒவ்வொரு வேலைக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மேலே ஏறாமலே உட்கார்ந்த இடத்தில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைக்கும் சாமர்த்தியசாலிகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. போல்ட்டக்காவிடம் அது பலிக்காது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்று அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஒருமுறை கூடவே வேலை பார்த்த ஆள் அப்படிச் செய்து, கதவு இடுக்கில் ஒரு அம்மாளின் கால் மாட்டிக்கொண்டது. விசாரணையில், "இவர் ஏறவே இல்லை" என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னவள் இவள்தான். அப்பேர்ப்பட்டவளின் காதில் பூ சுற்ற வெளியாள் எவனாலும் முடிந்ததில்லை. அதைச் செய்தது அவள் வீட்டாட்கள்.

வீட்டில் நாலு பேர். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர். எந்தச் சிக்கல் வந்தாலும் சிரித்துப் பேசியே நழுவிவிடுவார் என்பதால் சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சமாளி. பெரியவளுக்குப் பதினாலு வயது, சின்னவளுக்கு ஒன்பது. மூன்று பேரும் ஒரு கட்சி. அவள் மட்டும் எதிர்க்கட்சி, அதாவது வேலை செய்யும் கட்சி.

நாய்க்குட்டி வேண்டும் என்று அந்தக் கட்சி மூன்று மாதமாக உயிரை எடுத்தது. அவள் மசியவில்லை. காரணம், மீன் தொட்டி. "நாங்களே பாத்துப்போம்" என்று மூன்று பேரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்து வாங்கிய தொட்டி அது. பத்தே நாளில் தண்ணீர் மாற்றும் வேலை அவள் தலையில் விடிந்தது. அவள் வெளியூர் வேலைக்குப் போன ஒரு வாரத்தில் பதினொரு மீனும் மிதந்தன. அவற்றைக் கையால் அள்ளிப் போட்டவளும் அவள்தான்.

"மறுபடியும் ஒரு உயிரு என் கையில சாகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு" என்றாள்.

"மீனும் நாயும் ஒண்ணாம்மா?" என்று பெரியவள் சண்டைக்கு வந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. புது லிஃப்ட் மாட்டினால் எடுத்த எடுப்பில் ஆளை ஏற்ற மாட்டார்கள். ஆள் கனத்துக்கு மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, தேறினால்தான் மனிதர் ஏறலாம். ஒரு பழைய ஜீன்ஸின் காலை வெட்டி, நாலு கிலோ மணலைப் போட்டு, இரண்டு பக்கமும் தைத்து, ஒரு கயிறு கட்டினாள். கூடத்தின் நடுவில் தொப்பென்று வைத்தாள்.

"இதுதான் குட்டி. முப்பது நாள். காலையில நடை, சாயங்காலம் நடை, தட்டுல தண்ணி மாத்தணும். நான் நெனச்ச நேரத்துல தரையில ஒரு டம்ளர் தண்ணியைக் கொட்டுவேன், பாத்தவங்க தொடைக்கணும். இதுக்கும் ஒரு அட்டை உண்டு, அதுல கையெழுத்து. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் நாய்ப் பேச்சே கிடையாது. நெறஞ்சிருந்தா, நானே வந்து கூட்டிட்டு வர்றேன். இது என் வாக்கு."

சமாளி விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரு ஒலகத்துல இப்படி ஒரு அம்மா உண்டா? சரி, ஓகே. என்ன பசங்களா, ஓகேதானே?" பசங்களும் தலையாட்டினார்கள்.

முறை போட்டார்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை அவளுக்கு. ஆறரைக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிடுவாள் என்பதால் அவள் நடை ஐந்தரைக்கு. மற்ற நாட்களில் காலை ஏழரைக்கு அவர். சாயங்காலம் எல்லாம் பெண்கள்.

ஐயோ, அந்த ஐந்தரை மணி நடையைச் சொல்ல வேண்டும்! விடிந்தும் விடியாத தெருவில், வேலைச் சட்டை போட்ட ஒரு பெண் மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறாள். தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்தான். குட்டி என்றால் எதிர்த்து இழுக்குமே, அந்த இழுவை கைக்குத் தெரிய வேண்டாமா என்பது அவள் கட்சி. அதற்காக விளக்குக் கம்பத்தருகே நின்று நின்று வேறு போனாள். டீக்கடைக்காரர், "என்னக்கா, உங்க நாயி குரைக்கவே மாட்டேங்குது?" என்பார். "நல்ல வளர்ப்புங்க" என்பாள் இவள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதற்குள் காது சிவந்துவிடும்.

பேப்பர் போடுகிறவர் ஒருநாள் சைக்கிளை நிறுத்தியே கேட்டார். "உங்க வீட்ல நீங்க மட்டும்தான் வர்றீங்களா?"

"இல்லைங்க, அவங்க ஏழரைக்கு வருவாங்க. நீங்க அதுக்குள்ள போயிருப்பீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சைக்கிளை மிதித்துவிட்டார்.

இரண்டாவது வாரத்தில் மூட்டையின் அடி தேய்ந்து மணல் கசிந்தது. அவளுக்கு ஒரே பூரிப்பு. நாலு பேரும் எத்தனை நடை நடந்திருந்தால் இப்படித் தேயும்! ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக்கொடுத்தாள். இரவு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அட்டையைப் பார்ப்பாள். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. சமாளியின் சுழி, பெரியவளின் சாய்ந்த எழுத்து, சின்னவள் போடும் நட்சத்திரம். ஒரே பேனா, ஒரே அழுத்தம். கம்பெனியில் என்றால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பாள். வீட்டில் அவளுக்கு அந்தக் கண் வேலை செய்யவில்லை. பெற்ற பிள்ளையின் நட்சத்திரத்தை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

மூன்றாவது வாரம் அவளே மாறிப்போனாள். மூட்டையிடம், "வாடா, லேட்டாச்சு" என்று பேச ஆரம்பித்தாள். இருபது வருடம் நாய் என்றாலே ஒதுங்கி நடந்தவள், மதிய இடைவேளையில் குட்டிகளுக்கு எத்தனை ஊசி, எந்த மாதம் என்று படித்தாள். வேலையிடத்தில் மிஞ்சிய அலுமினியப் பட்டைகளைக் கேட்டு வாங்கி, சமையலறை வாசலுக்கு முழங்கால் உயரக் கதவொன்று செய்து மாட்டினாள். தாழ்ப்பாள் குட்டியின் மூக்கில் இடிக்காதபடி வெளிப்பக்கம் வைத்தாள். இந்த வீடு தேறிவிட்டது என்று நம்பினாள், பாவம்.

முப்பதாம் நாள் அட்டை நிறைந்தது. கீழே, "தேறியது" என்று எழுதித் தன் கையெழுத்தை முழுசாகப் போட்டாள். சமாளி கைதட்டினார். அவருடைய தங்கை வீட்டில் ஒரு குட்டி இருப்பதாகவும், பக்கத்து வீட்டில் போட்டது என்றும், நாளைக்கே போகலாம் என்றும் சொன்னார். பஸ்ஸில் போகும்போது பெயர் வைக்கும் பேச்சு வந்தது. "முதல்ல பாப்போம். மூஞ்சியைப் பாத்துட்டு நாலு பேரும் சேர்ந்து வைப்போம்" என்றாள். பெண்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

நாத்தனார் கதவைத் திறந்ததும் பழுப்பு நிறத்தில் ஒரு உருண்டை பாய்ந்து வந்தது. நேராகச் சின்னவளின் கால். அங்கிருந்து, குந்தி உட்கார்ந்த பெரியவளின் மடி. பிறகு சமாளியைச் சுற்றி மூன்று சுற்று. எம்பி எம்பி அவர் பேன்ட் பையை மூக்கால் முட்டி பிஸ்கெட் தேடியது. அவரும் பழக்கத்தில் பைக்குள் கையை விட்டார். விட்ட கையை வெளியே எடுக்கவும் முடியாமல், உள்ளே வைக்கவும் முடியாமல் நின்றார்.

அவள் ஆசையாகக் குனிந்து கையை நீட்டினாள். குட்டி பின்வாங்கி, சின்னவளின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளைப் பார்த்துக் குரைத்தது. அந்த வீட்டில் அதற்குத் தெரியாத ஆள் அவள் ஒருத்திதான்.

"பட்டாணி, சும்மா இரு! அம்மா அது!" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெயரும் வைத்தாயிற்று.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். "இது எத்தனை நாளா இங்க இருக்கு?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"அண்ணி, அது வந்து... அண்ணா உங்ககிட்ட சொல்லிட்டாருன்னு..." நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். "மூணு வாரமா. சனிக்கிழமை சனிக்கிழமை வருவாங்க."

சனிக்கிழமை. அலுவலகக் கட்டடங்களில் லிஃப்டை நிறுத்த விடுவது அன்றைக்குத்தான் என்பதால் அவளுக்கு இருட்டும்வரை வேலை. இவர்கள் லைப்ரரிக்குப் போனதாகச் சொன்ன சனிக்கிழமைகள்.

"மூட்டையை யாரு நடத்துனா?" என்றாள்.

அவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "சின்னது, நீ சொல்லு."

"முதல் வாரம் நடத்துனோம்மா, நெசமா. அப்புறம் அப்பா, கதவுக்குப் பின்னாடியே இருக்கட்டும், தினம் ராத்திரி நீ வர்றதுக்குள்ள சேத்துக் கையெழுத்துப் போட்டுக்கலாம்னு சொன்னாரு. அம்மாவுக்கு அட்டை நெறஞ்சாப் போதும்னு..."

சமாளி சிரித்துப் பார்த்தார். "அட, விடேன். குட்டியை வேற யாரோ கேட்டாங்க, கை விட்டுப் போயிடும்னு பிடிச்சு வெச்சேன். உன் முப்பது நாள் வரைக்கும் அது காத்துட்டிருக்குமா? நாயி ஒரு ஆசையில வாங்கறது. அதுக்குப் போயி யாராவது பரீட்சை வைப்பாங்களா, சொல்லு?"

"அதை அன்னிக்கே என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டா என்ன இப்போ? என்னை முட்டாளாக்கறதுக்கு அது மேல் இல்லையா?"

அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. இன்னொன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. பெரியவளைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில நான் கெளம்பறப்போ நீங்க முழிச்சிருப்பீங்களா?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். "சில நாளு. ஜன்னல்லேர்ந்து பாப்போம்."

"பாத்து?"

"சிரிப்போம்மா. அப்பா உன்னை மாதிரி கம்பத்துக்கிட்ட நின்னு நின்னு நடந்து காட்டுவாரு."

டீக்கடைக்காரர் சிரித்தது ஒரு சிரிப்பா? அவர் எதிரே நின்று சிரித்தார். இவர்கள் அவள் தைத்த திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறார்கள். இவர்களுக்காகத்தான் அவள் அந்த மணலை இழுத்தாள். பாவிகள்!

"நாயி இங்கயே இருக்கட்டும்" என்றாள் நாத்தனாரிடம். "உன்கிட்ட நல்லா பழகியிருக்கு. நீயே வெச்சுக்க முடியுமா?"

நாத்தனார் தலையசைத்தாள். சின்னவள் குட்டியைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுதாள். "நீதானம்மா வாக்கு குடுத்தே!"

"குடுத்தேன். கட்டமெல்லாம் நெறஞ்சிருந்தாத்தான்னு சொன்னேன். நெறஞ்சுதா?"

"குழந்தைங்களுக்காகவாவது..." என்று ஆரம்பித்தார் சமாளி.

"அவங்களுக்குப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தீங்க. சாமர்த்தியம்னு நெனச்சுட்டு வளருதுங்க. இதுல ஒரு உயிரையும் கொண்டு வந்து வைக்கணுமா நான்?" குரல் உடைந்தது. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள். குட்டி குரைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் தனி சீட்டில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்தார். அவள் கைப்பையை நடுவில் வைத்ததும் பின்சீட்டுக்குப் போனார். அடுத்த சில நாட்கள் வீட்டில் வேண்டிய பேச்சு மட்டும் நடந்தது. பெண்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அவரும் கேட்டார், அவருக்கே உரிய சிரிப்போடு. அவள் தலையை ஆட்டினாள்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபடி படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூச்சு சீராக, கொஞ்சம் கூடுதல் சீராகவே வந்துகொண்டிருந்தது. தன் முறை வந்த நாளெல்லாம் இந்த மூச்சைக் கேட்டுத்தான், அசந்து தூங்குகிறாரே மனுஷன் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

"முழிச்சிருக்கீங்கன்னு தெரியுது" என்றாள்.

மூச்சு ஒரு நொடி நின்றது. பிறகு, முன்பு போலவே, சீராக வந்தது.