ஓதின தண்ணீரில் கரைந்த குளிசை

குளிசைக்கு என் வீட்டில் மரியாதை உண்டு. என் மகனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத நோய். கொப்பியில் ஒரு வரியை முடிக்குமுன் எழும்பி ஓடிவிடுவான். கிளினிக்கில் டொக்டர் எழுதித் தந்த குளிசையைக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு பக்கத்தை முழுதாக வாசித்தான். நான் அழுதுவிட்டேன். நிந்தவூரில் இருக்கும் என் கூடப்பிறந்த ராத்தா அப்போது சொன்னது என்ன தெரியுமா? "அந்த விசர்க் குளிசைய வெளியில காட்டாத. எனக்கும் வீட்டுல கலியாணம் பேச ஒரு குமர் இருக்கா."

அதே ராத்தா போன வருடம், மகளின் உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்ட மகன்ட குளிசையில கொஞ்சம் தாவன். கொழும்புப் புள்ளைகள் எல்லாம் இதக் குடிச்சித்தான் படிக்காங்களாம்."

"அவளுக்கு என்ன நோய் ராத்தா?"

"நோயில்ல. டொக்டராகணும்."

சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் ஏசினேன். கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டது என்று கைவிரித்த நாட்களில், நான் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை பார்மசி பார்மசியாக அலைந்தது அவருக்குத் தெரியும். நோயுள்ள பிள்ளைக்கே கிடைக்காத மருந்து சுகமான பிள்ளைக்கு எதற்கு? ராத்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பரீட்சைக்குக் கிட்ட ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். படிக்கிற பிள்ளைக்குக் குர்ஆனின் யாசீன் ஓதி ஊதின தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ராத்தாவும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுத் தானே ஓதி, கோப்பையில் ஊதி, மகளிடம் நீட்டுவாராம்.

"சாச்சி, உம்மாட தண்ணியக் குடிச்சாப் பாடம் அப்படியே ஏறுது," என்றாள் அவள். "மாதிரிப் பரீட்சையில நான்தான் முதலாவது."

ஆனால் பகல் சோறு அவள் முன்னால் ஆறிக் கிடந்தது. பசியே வருவதில்லையாம். நித்திரையும் இல்லையாம். விரல்கள் நடுங்கின. "நெஞ்சு படபடங்குது சாச்சி. பயத்துலயாக்கும்," என்று சிரித்தாள். என் மகனுக்கு மருந்து கூடிப்போனபோது அவனிடம் நான் கண்ட அதே குறிகள்.

குசினிக்குள் போய் ராத்தாவைப் பிடித்தேன். "தண்ணியில என்னத்தக் கலக்குறீங்க?"

"மெதுவாக் கதை." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓம், கொழும்பில சொல்லி எடுத்தன். தூளாக்கிப் போடுறன். தெரிஞ்சா அவள் குடிக்க மாட்டாள். ஊரோடினா ஒத்தோடணும். நம்மட புள்ள மட்டும் பின்னுக்கு நிக்கவா? நீ தேத்தண்ணி குடிச்சிப் படிக்கல்லயா?"

"நான் தெரிஞ்சி குடிச்சன். எனக்குத் தெரியாம ஆரும் வாயில ஊத்தல்ல."

"குளிசையும் அல்லாஹ் தந்ததுதான்."

"அப்ப சொல்லிக் குடுங்க. யாசீனுக்குப் பின்னால ஏன் ஒளிக்கிறீங்க?"

வளர்ந்த ஒருவர் தன் உடம்பு, தன் மூளை என்று தெரிந்தே விழுங்கினால் அது வேறு வாதம். அதிலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருத்தி குடித்தால் பக்கத்துக் கதிரைக்காரியும் குடித்தாக வேண்டும். மாவடிப்பள்ளியில் வயல் செய்கிறவரின் மகள் கொழும்பில் யாரிடம் சொல்லி எடுப்பாள்? ஆனால் இது வாதமே இல்லை. பெற்ற தாய் மகளின் நம்பிக்கைக்குள், ஈமானுக்குள், மருந்தை ஒளித்துக் கொடுத்த அநியாயம்.

நாங்கள் சத்தம் போட்டதில் அவள் எழும்பி வந்து வாசலில் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"அப்ப முதலாவது வந்தது ஆரு உம்மா? நானா, குளிசையா?"

அன்றே அவளை டொக்டரிடம் காட்டினோம். மிச்சக் குளிசைகளை ராத்தாவிடமிருந்து நானே வாங்கிக் கொண்டுபோய் கிளினிக்கில் ஒப்படைத்தேன்.

பரீட்சைக்குப் போகும் காலையிலும் நான் அங்கே இருந்தேன். ராத்தா அழுதழுது ஓதினார். கோப்பையில் ஊதினார். வேறொன்றும் போடவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"வெறும் யாசீன் தண்ணி மகள். அல்லாஹ் மேல ஆணை."

அவள் கோப்பையை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தாள். மெதுவாக மேசையில் வைத்தாள். பிறகு குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "போயிட்டு வாறன்," என்று வெளியே இறங்கினாள்.

ராத்தா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.